பால்வழியின் ஓட்டத்தை அளக்கும் தகரப் புனல்

கல்லூரிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கலாம் என்றதும் சனியின் வளையம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். 10 செ.மீ. விட்டமுள்ள சின்னக் கருவியிலேயே அது தெரிந்துவிடும். ஆனால் பால்வழி மண்டலம் என்ன வேகத்தில் சுழல்கிறது என்று கேட்டால் அந்தக் கருவி கைவிரித்துவிடும். மண்டலத்தின் தளம் முழுக்கத் தூசு. தொலைவிலிருந்து வரும் ஒளியை அது மறைத்துவிடுகிறது. ரேடியோ அலைக்கு அந்தத் தூசு ஒரு பொருட்டே இல்லை.

ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானின் தற்சுழற்சியும் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் இணையாக இருந்து எதிரெதிராக மாறும்போது 21 செ.மீ. நீளமுள்ள ரேடியோ அலை வெளிப்படும். அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ். ஓர் அணு தானாக இப்படி மாற சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். இருந்தும் வானில் ஹைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை என்பதால் அலை வந்துகொண்டே இருக்கிறது. 1944இல் இதைக் கணித்த வான் டி ஹல்ஸ்ட் அப்போது மாணவர். 1951 மார்ச்சில் ஹார்வர்டில் முதன்முதலில் பிடித்த ஹெரால்ட் யூவனும் ஆய்வு மாணவர்தான். வழிகாட்டி எட்வர்ட் பர்செல். ஒட்டுப்பலகையில் செம்புத் தகடு பொருத்திப் புனல் வடிவ ஹார்ன் ஆன்டெனா செய்து, ஆய்வக ஜன்னலுக்கு வெளியே நீட்டிவைத்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். போகிற மாணவர்கள் அதற்குள் பனி உருண்டைகளை எறிந்து விளையாடியதும் உண்டு!

இன்று அதே வேலைக்கு அலுமினியத் தகட்டில் வாய் அகன்ற ஒரு புனல், இரைச்சல் குறைந்த ஒரு பெருக்கி, ரேடியோ அலையைக் கணினிக்குள் கொண்டுவர யூஎஸ்பியில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள், ஒரு மடிக்கணினி போதும். மேகம் இருந்தாலும் பகலானாலும் பரவாயில்லை. ஆனால் படம் கிடைக்காது. வாய் 1 மீட்டர் அகலமென்றால், புனல் ஒரே நேரத்தில் சுமார் 15 பாகை வானத்தைப் பார்க்கிறது. வரிசையாக 30 முழுநிலவுகள் அதற்குள் அடங்கும். திரையில் வருவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலை வருகிறது என்று காட்டும் ஒரு வளைகோடு மட்டுமே.

அந்தக் கோட்டிலும் முதலில் ஒன்றும் தெரியாது. கருவியின் சொந்த இரைச்சல் ஹைட்ரஜனின் குரலைவிட அதிகம். அதனால் பால்வழியை விட்டு விலகிய திசையில் ஒரு முறை பதிவு செய்து, பால்வழிப் பதிவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். பதிவு செய்யும் நேரத்தை நான்கு மடங்காக்கினால் மிச்சமிருக்கும் இரைச்சலின் ஏற்ற இறக்கம் பாதியாகும். சில நிமிடங்களில் ஒரு மேடு எழும்பும்.

அப்புறம்தான் சுவாரசியம். வாயு நம்மை நோக்கி வந்தால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். நொடிக்கு 1 கி.மீ. வேகத்துக்கு 4.7 கிலோஹெர்ட்ஸ். காசியோப்பியா விண்மீன் கூட்டத்தின் பக்கம் புனலைத் திருப்பினால் இரண்டு மேடுகள். ஒன்று நம் அக்கம்பக்கத்து வாயு. இன்னொன்று நொடிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்கும் பெர்சியஸ் சுருள்கரம், பால்வழியின் சுருள் வடிவக் கைகளில் ஒன்று. சுருள்கரத்தைக் கண்ணால் பார்க்காமலேயே பிரித்துவிட்டோம்.

இந்த வேகங்களில் பூமியின் வேகமும் கலந்திருக்கிறது. அது நொடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது. மார்ச்சில் தனுசு ராசியை நோக்கி, செப்டம்பரில் அதற்கு எதிர்த்திசையில். பால்வழியை அளப்பவர்கள் இதைக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். கழிக்காமல் விட்டால் அதுவே ஒரு நல்ல சோதனை: தனுசுப் பக்கத்து மேடு இந்த இரண்டு மாதங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 280 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கும். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தை அதிலிருந்தே எடுத்துவிடலாம்.