ஐஎஸ்ஓ கோப்பு எப்படி பூட் ஆகிறது?

தரவிறக்கிய லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் அப்படியே போட்டு, கணினியில் செருகி, அதிலிருந்து தொடக்க (பூட் செய்ய) எஃப்12 அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் பழைய கணினியை மீண்டும் ஓடவைக்கப் பார்ப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பழைய பயோஸுக்குக் கோப்பு என்றாலே தெரியாது. பென்னின் முதல் 512 பைட்டை வாசிக்கும். கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்றிருந்தால் அதை இயக்கும். பயோஸுக்குப் பின் வந்த யூஈஎஃப்ஐ, ஃபேட் கோப்பு முறைமை கொண்ட பகுதிக்குள் போய் பூட்எக்ஸ்64 என்ற கோப்பைத் தேடும். ஐஎஸ்ஓவோ ஒரு முழு சீடியின் நகல். அதன் பூட் விவரம், 1995இல் வந்த எல் டொரிட்டோ என்ற சீடி பூட் முறைப்படி, 2048 பைட் செக்டர்களில் 17ஆம் எண்ணில் இருக்கிறது. பென்னில் கிடக்கும் கோப்பொன்றுக்குள் புகுந்து அதைத் தேட பயோஸுக்கு வழியில்லை.

எட்சர் போன்ற மென்பொருள் அந்த நகலைப் பென்னின் முதல் பைட்டிலிருந்தே எழுதிவிடும். வேலை முடியும், ஆனால் பென்னில் இருந்ததெல்லாம் போய்விடும். ஒரே பென்னில் மின்ட், டெபியன் ஆகிய இரு லினக்ஸ் வகைகளும் வேண்டுமென்றால், க்ரப் என்ற பூட்லோடரின் (இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல்) லூப்பேக் கட்டளையே நல்லது. க்ரப்பால் கோப்பு முறைமைகளை வாசிக்க முடியும். ஐஎஸ்ஓவைத் திறந்து, உள்ளிருக்கும் கெர்னலையும் (இயங்குதளத்தின் மையம்) இனிட்ஆர்டியையும் (தொடக்கத்துக்கு உதவும் சிறு கோப்புத் தொகுப்பு) ரேமில் ஏற்றி, பொறுப்பைக் கெர்னலிடம் விடும்.

பெரும்பாலும் சிக்கல் எழுவது இந்தக் கைமாற்றத்தில்தான். கெர்னல் ஓடத் தொடங்கியதும் க்ரப் மறைந்துவிடும், அது திறந்து வைத்த லூப்பும் கூடவே மறையும். இனிட்ஆர்டி புதிதாகப் பென்னைக் கண்டுபிடித்து, ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்து (உள்ளிருப்பதை வாசிக்கும்படி திறந்து), அதற்குள் முழு அமைப்பும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பையும் மவுண்ட் செய்ய வேண்டும். ஐஎஸ்ஓ எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் கெர்னல் வரியில் (க்ரப் மெனுவில் கெர்னலை அழைக்கும் வரி) சொல்லவேண்டும்: உபுண்டு, மின்ட்டுக்கு ஐஎஸ்ஓ-ஸ்கேன்/ஃபைல்நேம், நிறுவாமலே பென்னிலிருந்து ஓடும் டெபியன் லைவ்வுக்கு ஃபைண்ட்ஐஎஸ்ஓ. பாதை சாய்கோட்டில் (/) தொடங்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் தவறும். தவறினால் மெனு அழகாக வரும், பிறகு லைவ் கோப்பு முறைமை கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

ஃபேட்32 கோப்பு முறைமையில் 4 ஜிபியை எட்டும் கோப்பு நிற்காது. உபுண்டு 24.04 டெஸ்க்டொப் 5 ஜிபிக்கும் மேல், ஆகவே ஐஎஸ்ஓக்களுக்கு ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் பகுதி ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். கணினி ஓடும்போது பென்னைக் கழற்ற வேண்டாம். முழு அமைப்பும் அதிலிருந்தே வாசிக்கப்படுகிறது. கெர்னல் வரியில் டுரேம் என்ற சொல்லைச் சேர்த்தால் எல்லாம் ரேமுக்கு ஏறும், ஆனால் 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் அதை முயலாதீர்கள். விண்டோஸ் ஐஎஸ்ஓ இந்த வழிக்கு வராது, அதற்கு வென்டொய் என்ற மென்பொருள் வசதியானது.

மலைப்பகுதியில் போன் டேட்டாவில் இறக்கும்போது சிக்னல் அறுந்து கோப்பு குறையாக நிற்பதுண்டு. அதிலும் கெர்னல் நன்றாகவே ஏறலாம். ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை பிறகுதான் தலைகாட்டும். விட்ட இடத்திலிருந்து தொடர, டபிள்யூகெட் என்ற தரவிறக்கும் கட்டளையில் -சி போடுங்கள். முடிந்ததும் கோப்பைச் சரிபார்க்க உதவும் ஷா256 தொகையின் 64 எழுத்துகளையும் வெளியீட்டாளர் தந்ததோடு ஒப்பிட்டுவிட்டுப் பென்னுக்கு மாற்றுங்கள்.