ஒன்பதாவது டிக் யாருக்கு?

2024 அக்டோபரில் கரீபியன் கடலில் இருக்கும் மான்செராட் தீவில் பொதுத்தேர்தல் நடந்தது. ஐந்து இடங்களைப் பிடித்த யுனைடெட் அலையன்ஸ் ஆட்சி அமைத்தது, ரூபன் மீட் பிரீமியர், அதாவது அங்கத்திய அரசின் தலைவர், ஆனார். உலகம் கண்டுகொள்ளாத செய்தி. ஆனால் அதில் இருந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “அங்கே ஒரு ஆள் அதிகபட்சம் ஒன்பது பேருக்கு ஓட்டுப் போடலாமாம். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதெல்லாம் என்ன ஆச்சு? சரி, ஒன்பது கொடுத்தால் ஒன்பதையும் போடுவதுதான் புத்திசாலித்தனமா?”

முதல் கேள்வி சுலபம். எல்லோருக்கும் ஒன்பது என்றால் சமத்துவத்துக்குப் பங்கமில்லை, எல்லோருக்கும் ஒன்று என்பது மாதிரிதான். இரண்டாவது கேள்விதான் சுவையானது. இரண்டு நாளாக நான் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

அதற்கு முன், இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது? ஒரு எரிமலையிலிருந்து.

மான்செராட் 102 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. 1996 தேர்தல் வரை அங்கே நம்மைப் போலவே தொகுதிகள் இருந்தன: ஏழு தொகுதி, ஏழு உறுப்பினர்கள். ஆனால் 1995 ஜூலை 18-ம் தேதியே சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை விழித்துக்கொண்டிருந்தது. 1997 ஜூன் 25 அன்று கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறையும் கலந்த மேகம் சரிவில் பாய்ந்து 19 பேரைக் கொன்றது. தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் தீவை விட்டே போனார்கள். தெற்குப் பகுதி இன்றும் தடைசெய்யப்பட்ட பகுதி. மிச்சமிருந்தவர்கள் வடக்கில் ஒண்டிக்கொண்டார்கள்.

தொகுதி என்பது என்ன? நிலத்தின் மேல் போட்ட கோடு. நிலமே சாம்பலுக்கு அடியில் போய், ஊர்க்காரர்கள் எல்லாம் வேறு ஊரில் கலந்து குடியிருந்தால் யாருடைய கோடு, யாருடைய எம்.எல்.ஏ.? அதனால் 2001 தேர்தலுக்குள் தொகுதிகளை அழித்துவிட்டு, தீவு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி, ஒன்பது இடம் என்று வைத்தார்கள். அதிக ஓட்டு வாங்கும் முதல் ஒன்பது பேர் உள்ளே. தேர்தல் முறையை அரசியல்வாதிகள் மாற்றுவார்கள், நீதிமன்றம் மாற்றும். எரிமலை மாற்றியதற்கு எனக்குத் தெரிந்து வேறு உதாரணம் இல்லை.

இனி கணக்கு.

நம் ஊரில் ஓட்டு எண்ணுவது, இயந்திரம் வருவதற்கு முன்னால், சீட்டைப் பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கும் வேலை. சூரியனுக்கு ஒரு கட்டு, இலைக்கு ஒரு கட்டு. ஒன்பது டிக் உள்ள சீட்டை எந்தக் கட்டில் வைப்பீர்கள்? அது ஒரே நேரத்தில் ஒன்பது கட்டுக்குச் சொந்தம். அதனால் அடுக்க முடியாது, ஒவ்வொரு டிக்காகக் கணக்கில் ஏற்றத்தான் முடியும். 2,500 பேர் வாக்களித்தால் அதிகபட்சம் 22,500 டிக். சின்னத் தீவு, பெரிய எண்ணிக்கை.

எண்ணி முடித்ததும் வேட்பாளர்களை ஓட்டு வரிசையில் நிறுத்துங்கள். ஒன்பதாவது ஆளுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். முழுத் தேர்தலும் அந்தக் கோட்டில்தான் நடக்கிறது. நேருக்கு நேர் மோதல் என்று எதுவும் கிடையாது. முதலிடத்தில் வந்தவர் இன்னும் ஐந்நூறு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் பயனில்லை, அவருக்கும் ஒரு நாற்காலிதான். 2019-லும் சரி, 2024-லும் சரி, முடிவு 5-3-1: ஒரு தரப்புக்கு ஐந்து, அடுத்ததற்கு மூன்று, மிச்சம் ஒன்று. ஒன்பதில் ஐந்து இருந்தால் ஆட்சி. ஒரே ஒரு ஆள் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் தனிப் பெரும்பான்மையே பறிபோகும்.

இப்போது 2,000 பேர் ஓட்டுப் போடுகிறார்கள், இரண்டு கட்சிகள் தலா ஒன்பது பேரை நிறுத்தியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 1,020 பேர் முதல் கட்சியின் ஒன்பது பேருக்கும் வரிசையாக டிக் போடுகிறார்கள், 980 பேர் இரண்டாவது கட்சிக்கு. முடிவு? முதல் கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் 1,020, அடுத்த கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் 980. ஒன்பதுக்கு ஒன்பது! 49 சதவீதம் வாங்கியவர்களுக்குப் பூஜ்ஜியம். பாடப்புத்தகங்களில் இந்த முறையைத் திட்டுவதற்குச் சொல்லும் உதாரணம் இதுதான்.

ஆனால் மான்செராட்டில் இதுவரை எந்தக் கட்சியும் ஒன்பதையும் அள்ளியதில்லை. 2001-ல் ஏழு, 2009-ல் ஆறு, 2014-ல் மறுபடி ஏழு. அதுதான் உச்சம். ஏன்?

ஏனென்றால் ஐயாயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் தீவில் வேட்பாளர் என்பவர் போஸ்டரில் இருக்கும் முகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர், கடை வைத்திருப்பவர், அத்தை வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். ஒன்பது டிக்கில் ஐந்தைக் கட்சிக்குப் போட்டாலும், மிச்சம் நாலு இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று சிதறும். கணக்கில் பார்ப்போம். 2,000 பேரில் 400 பேர் முதல் கட்சியின் கண்மூடித்தனமான விசுவாசிகள், 300 பேர் இரண்டாவது கட்சிக்கு. மீதி 1,300 பேர் ஆளைப் பார்த்துப் போடுபவர்கள். முதல் கட்சியின் ஒன்பது பேரும் 400-ல் தொடங்குகிறார்கள், அடுத்த கட்சியினர் 300-ல். நூறு ஓட்டு முன்னிலை. ஆனால் கலந்து போடும் 1,300 பேரில் இரண்டாவது கட்சியின் நல்ல பேர் உள்ள ஒருவர் 800 வாங்குவார், முதல் கட்சியின் அவ்வளவாகப் பிடிக்காத ஒருவர் 500 வாங்குவார். 1,100-க்கு முன்னால் 900 எடுபடாது. கட்சி என்பது எல்லோரும் நிற்கும் மேடை, தனிமனிதச் செல்வாக்கு என்பது அவரவர் உயரம். மேடை கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் உயரமானவர் தலை தெரியும்.

டொனால்ட்சன் ரோமியோ இதற்கு நல்ல சாட்சி. 2014 முதல் பிரீமியராக இருந்தவர். 2019 தேர்தலுக்கு முன்னால் அவர் கட்சியே தலைமையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. சுயேச்சையாக நின்றார், ஜெயித்தார். 5-3-1-இல் அந்த ஒன்று அவர்தான்.

சிதறல் நல்லது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். அதே 2,000 பேர். 1,200 பேர் ஒரு பக்கம், ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு கட்சிகள் பிரிந்து 18 பேரை நிறுத்திவிட்டன. 1,200 பேரின் ஒன்பது டிக்குகள், ஆக 10,800. 18 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 600. எதிர்ப்பக்கத்து 800 பேர் கட்டுக்கோப்பாக ஒன்பது பேருக்கு மட்டும் போட்டால் ஆளுக்கு 800. நாற்பது சதவீதம் ஒன்பதையும் தட்டிக்கொண்டு போய்விடும்! எண்ணிக்கையைவிட ஒற்றுமைக்கு இந்த முறையில் மதிப்பு அதிகம்.

சரி, வாசகர் கேட்டதற்கு வருவோம். ஒன்பதையும் போடலாமா?

உங்கள் உயிருக்கு உயிரான வேட்பாளர் க. ஏதோ பரவாயில்லை என்று நீங்கள் நினைப்பவர் ம. ஒன்பதாவது டிக்கை ம-வுக்குப் போடலாம் என்று யோசிக்கிறீர்கள். உங்கள் சீட்டை எண்ணுவதற்கு முன் இருவருக்கும் 1,003 ஓட்டு, இருவரும் ஒன்பதாவது இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் டிக் போட்டிருந்தால் 1,004-க்கு 1,004, உங்கள் சீட்டால் ஒன்றும் நடக்கவில்லை. க-வுக்கு மட்டும் போட்டிருந்தால் க உள்ளே. அதாவது உங்கள் ஒன்பதாவது டிக், உங்கள் முதல் டிக்கைத் தின்றுவிட்டது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கூடுதலாக ஒரு ஆளை ஆதரித்ததால் உங்களுக்கு மிகவும் பிடித்த ஆளைத் தோற்கடிக்கிறீர்கள், அதுவும் உங்கள் கையாலேயே.

அப்படியானால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? அதுவும் இல்லை. க கோட்டுக்கு வெகு மேலே பத்திரமாக இருந்தால் மிச்சமுள்ள எட்டு டிக்கும் இலவசம், வீணாக்கக் கூடாது. கோட்டுக்கு வெகு மேலே இருப்பவருக்கும் வெகு கீழே இருப்பவருக்கும் போடும் டிக் எதையும் மாற்றாது. கோட்டருகே நிற்கும் நாலைந்து பேரில் யாரை விரும்புகிறீர்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. ஆனால் கோடு எங்கே விழும் என்பது எண்ணிய பிறகுதானே தெரியும்? அங்கேதான் வம்பு. “அவர் எப்படியும் வந்துடுவார்” என்று எல்லோரும் நினைத்தால் அவர் வரமாட்டார்.

இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் செயற்குழுவுக்கு ஏழு பேர், ஆளுக்கு ஏழு டிக். பத்து வருடமாகப் பொருளாளராக இருந்த, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மறுபடி நின்றார். மோட்டார் ரிப்பேர் பில் முதல் காவலாளியின் தீபாவளி போனஸ் வரை பைசா சுத்தமாக எழுதி வைத்திருப்பவர். யாருக்கும் அவர் மேல் வருத்தம் இல்லை. ரிசல்ட் வந்தபோது எட்டாவது இடம், இரண்டு ஓட்டில் தோல்வி. எதிர்வீட்டுக்காரர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “சார் எப்படியும் ஜெயிச்சிடுவார்னு நினைச்சு, பாவம்னு அந்தப் புதுப் பையனுக்குப் போட்டேன்.” புதுப் பையன் ஏழாவது இடம். நானும் அதையேதான் செய்திருந்தேன். சொல்லவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. முப்பது வேட்பாளர்களில் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? பிளஸ் ஒன் கணக்குதான்: 1,43,07,150. தீவில் இருப்பவர்களைவிட மூவாயிரம் மடங்கு. ஆகவே ஒரு சீட்டில் இருக்கும் டிக்குகளின் வரிசை கைரேகை மாதிரி. ஓட்டை விலைக்கு வாங்குபவன், “இந்த இரண்டு பேருக்குப் போடு, அடையாளத்துக்கு இன்னின்ன ஏழு உதிரி ஆட்களுக்கும் போடு” என்று ஒவ்வொருவருக்கும் தனி வரிசை கொடுத்து, எண்ணும் இடத்தில் சரிபார்த்துவிடலாம். இத்தாலியில் கட்சிக்கு ஓட்டுப் போட்டு, அதன் பட்டியலில் பிடித்த வேட்பாளர்களையும் குறிக்கும் ‘விருப்ப ஓட்டு’ பல போடும் முறை இருந்தபோது இந்தத் தந்திரம் பேர்போனது. 1991-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி விருப்ப ஓட்டை ஒன்றாகக் குறைத்தார்கள்.

சீட்டில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதற்கும் விளைவு உண்டு. பட்டியலில் முதலில் இருப்பவருக்குச் சிறிய அனுகூலம் கிடைக்கிறது என்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத் தேர்தல்களை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒன்பது டிக் போட வேண்டிய இடத்தில் ஏழாவது, எட்டாவது டிக் மேலிருந்து கண்ணில் படும் பெயருக்குப் போக வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டி, ஒரு எழுத்தைக் குறைத்து அதிர்ஷ்டம் தேடும் நம்மூர் எண்கணித ஜோதிடர்கள் ஒரு முறையாவது அறிவியலோடு ஒத்துப்போக விரும்பினால், ‘அ’வில் தொடங்கும் பெயரைச் சிபாரிசு செய்யலாம். கட்டணம் வாங்காமல்.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 1952, 1957 தேர்தல்களில் சென்னை மாநிலம் உட்பட இந்தியாவில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன, அங்கே ஆளுக்கு இரண்டு ஓட்டு. 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் ஒரு இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, இன்னொன்று பொது. அதிக ஓட்டு வாங்கிய பழங்குடி வேட்பாளருக்கு ஒதுக்கீட்டு இடம் போனது. மிச்சம் இருந்தவர்களில் முதலில் நின்றவரும் பழங்குடி வேட்பாளரே. பொது இடமும் அவருக்கு. அவருக்குப் பின்னால் நின்றுபோனவர் வி.வி. கிரி. உச்ச நீதிமன்றம் வரை போனார், 1959-ல் அங்கேயும் தோல்வி. பிறகு 1969-ல் குடியரசுத் தலைவரானார் என்பது வேறு கதை. 1961-ல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள்.

கரீபியனிலேயே கேமன் தீவுகள் எதிர்த்திசையில் நடந்திருக்கின்றன. 2013 தேர்தலில் ஜார்ஜ் டவுன் தொகுதி வாக்காளருக்கு ஆறு ஓட்டு, ஈஸ்ட் எண்ட் தொகுதி வாக்காளருக்கு ஒன்று. வாசகரின் முதல் கேள்வி நியாயமாக எழ வேண்டிய இடம் அதுதான். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று மாற்ற 2012-லேயே வாக்கெடுப்பு நடத்தியிருந்தார்கள், வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் மாற்றத்தை ஆதரித்தும், பதிவான மொத்த வாக்காளர்களில் பாதியைத் தாண்டாததால் செல்லவில்லை. 2017-ல்தான் ஆளுக்கு ஒரு ஓட்டு வந்தது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளும் அங்குவிலாவும் இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டிருக்கின்றன: தொகுதிக்கு ஒரு ஓட்டு, தீவுக்குப் பொதுவான நாலு இடங்களுக்கு நாலு ஓட்டு.

ஒரு ஆதங்கம். மான்செராட் எரிமலையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு ஆய்வகம் இரவு பகலாகக் கண்காணிக்கிறது, உலகமே அந்தத் தரவைப் படிக்கிறது. நியாயம்தான். ஆனால் அந்த எரிமலை உருவாக்கிய தேர்தல் முறையும் ஒரு அருமையான சோதனைச்சாலை. நம் பல்கலைக்கழகங்களில் ஓட்டுக் கணிதம் படிக்கப் பணம் கேட்டால் கணிதத் துறை அரசியல் துறையைக் காட்டும், அரசியல் துறை கணிதத் துறையைக் காட்டும். ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு மாணவர்களும் போதும், இதற்குத் தொலைநோக்கியெல்லாம் வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் அடுத்த மாதம் மறுபடி தேர்தல். பழைய பொருளாளர் நிற்கிறார். நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: “தம்பி, எனக்கு ஒண்ணு போடுங்க. மத்த ஆறையும் காலியா விட்டுடுங்க.”