காந்தத் தூண்டல்: தார்க்குச்சியா, திரிக்குச்சியா?

தலைக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் மூளையைத் தூண்டும் முறை ஒன்று உண்டு. மருத்துவர்கள் டி.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் அதன் முழுப்பெயர் டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன். டிரான்ஸ் என்றால் லத்தீனில் 'ஊடாக'. கிரேனியம் என்பது மண்டையோடு. கிரேக்கத்திலிருந்து வந்த சொல். சுவாரசியம் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சிக்கு லத்தீனில் ஸ்டிமுலஸ் என்று பெயர்.

ஸ்டிமுலேஷனுக்கு நாம் சொல்லும் தூண்டல் என்ற சொல்லில் இந்தக் குத்து கிடையாது. விளக்குத் திரியைத் தூண்டிவிடுகிறோமே, அந்தத் தூண்டல் இது. ஆனால் ஒரு சிக்கல். பள்ளி இயற்பியலில் படித்த மின்காந்தத் தூண்டலிலும் இதே சொல்தான். மாறும் காந்தப்புலம் பக்கத்திலுள்ள கடத்தியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டாரே, அது. ஆங்கிலத்தில் அதற்கு இண்டக்ஷன், நரம்பை உசுப்புவதற்கு ஸ்டிமுலேஷன். நமக்கு இரண்டுமே தூண்டல்.

டி.எம்.எஸ். கருவியைப் பொறுத்தவரை அது குறையில்லை. தலையை ஒட்டிப் பிடித்த கம்பிச்சுருளில் 'டக்' என்று ஒரு துடிப்பு, ஒரு மில்லிநொடிகூட நீடிக்காது. காந்தப்புலம் எலும்பைச் சட்டை செய்யாமல் உள்ளே போய், மூளையின் மேற்பரப்பில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மின்னோட்டம் நரம்புச் செல்லைத் தூண்டுகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆய்வாளர் ஆன்டனி பார்க்கரின் குழுவினர், மூளையில் தசைகளை அசைக்கும் இயக்கப் பகுதிக்கு மேலே சுருளை வைத்தபோது எதிர்ப்பக்கத்துக் கைத்தசை தானாகத் துடித்தது. அதே சுருளைப் பின்தலையில் வைத்தால் இல்லாத ஒளிப்பொட்டு கண்ணில் தெரிவதுண்டு.

அந்த மேற்பரப்புதான் கார்டெக்ஸ். லத்தீனில் மரப்பட்டை. தமிழிலும் பட்டை, தோல் என்று பொருள்படும் 'புறணி' அச்சாகப் பொருந்துகிறது. என்ன, பெருமூளைப் புறணி என்றதும் மூளை யாரைப் பற்றியோ புறம் பேசுவதுபோல் காதில் விழும்!

சரி, தூண்டினால் எப்போதும் வேகம் கூடுமா? இல்லை. நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் நிமிடக்கணக்காகத் துடிப்பு கொடுத்தால் அந்தப் புறணிப் பகுதி பொதுவாக அடங்குகிறது; நொடிக்கு ஐந்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சுறுசுறுப்பாகிறது. ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். தார்க்குச்சியால் மாட்டை விரட்டத்தான் முடியும். திரியை ஏற்றவும் இறக்கவும் ஒரே குச்சி போதும். நம் சொல்லே மேல் என்பேன்.

முழுப்பெயர் வேண்டுமானால் 'மண்டையோட்டு வழிக் காந்தத் தூண்டல்' என்று எழுதலாம். பேச்சில் காந்தத் தூண்டல் போதும். 'காந்த அதிர்ச்சி' மட்டும் வேண்டாம், மின்னதிர்ச்சியோடு குழம்பிவிடும். மின்னதிர்ச்சி சிகிச்சை மயக்கமருந்து கொடுத்து வேண்டுமென்றே வலிப்பை வரவழைப்பது; இங்கே ஆள் விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.