உயரத்தை முடிவு செய்யும் எலும்பு நுனி

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவர் ஒருவர் கேள்வியொன்றை அனுப்பியிருக்கிறார். கரப்பந்தாட்டப் போட்டிகளில் வலைக்கு மேலே முழங்கை தெரிய நிற்கும் நெதர்லாந்து நாட்டவருக்கும் நமக்கும் உயரத்தில் ஏன் இத்தனை வேறுபாடு? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடை சுமந்து மலையேறி இறங்கியதால்தான் தோட்டத்துச் சனம் குட்டையாகிவிட்டது என்று அவருடைய அப்பாயி சொல்கிறாராம். பெற்றோர் சுமந்த பாரத்தின் விளைவு பரம்பரையலகு (மரபணு) வழியாகப் பிள்ளைக்கு இறங்குவதில்லை என்பதை அம்மாணவரே பாடத்தில் படித்திருப்பார். ஆனால் அப்பாயி தோட்ட வாழ்க்கையைக் காரணமாகக் கண்டதில் தவறில்லை.

பரம்பரையலகுகளின் பங்கை முதலில் சொல்லி முடித்துவிடலாம். நல்ல உணவு கிடைக்கும் ஒரே சமூகத்துக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள உயர வேறுபாட்டில் சுமார் 80 வீதம் பரம்பரையால் வருவது. 50 இலட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள சுமார் 12,000 மரபணு வேறுபாடுகளைக் கண்டறிந்தது. பெரு நாட்டு மக்களிடையே காணப்படும் ஒரேயொரு மாற்றம் மட்டும் ஒரு பிரதிக்கு 2 சென்டிமீற்றருக்கு மேல் உயரத்தைக் குறைக்கிறது. எனினும் ஒரு சமூகத்துக்குள் பொருந்தும் இந்த 80 வீதத்தை இரண்டு நாடுகளின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாட்டின் மேல் ஏற்றிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நெதர்லாந்துப் படையில் சேர்ந்த இளைஞரின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 சென்டிமீற்றர்தான். இன்று அந்நாட்டு ஆண்களின் சராசரி 183ஐ ஒட்டியிருக்கிறது. 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீற்றர் உயரம். நான்கைந்து தலைமுறைக்குள் ஒரு மக்கள் கூட்டத்தின் பரம்பரையலகுகள் அந்த அளவுக்கு மாறுவதில்லை.

மாறியது என்னவென்று தெரிய, வளரும் பிள்ளையின் முழங்காலுக்குள் பார்க்க வேண்டும். தொடை எலும்பின் கீழ் நுனிக்குச் சற்று மேலே, கசியிழையத்தாலான (குருத்தெலும்பாலான) மெல்லிய தட்டொன்று குறுக்காகக் கிடக்கிறது. எக்ஸ்கதிர்ப் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிய, இத்தட்டு கறுத்த கோடாகத் தெரியும். நீண்ட எலும்புகளின் நுனிகளில் உள்ள இத்தகைய வளர்ச்சித் தட்டுகளில்தான் அவற்றின் நீளம் கூடுகிறது. தட்டின் ஒரு விளிம்பில் ஓய்வுநிலைக் கலங்கள் காத்திருக்கும். அவற்றிலிருந்து பிரியும் கலங்கள் தட்டையாகி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சில்லறைக் காசுகளைப் போல நிரல்களாக நிற்கும். நிரலின் மறுமுனைக்கு வந்ததும் ஒவ்வொரு கலமும் பிரிவதை நிறுத்திவிட்டு, பெருமளவு நீரை உள்ளிழுத்து, பழைய கனவளவைப் போல் ஏறத்தாழ பத்து மடங்குக்கு வீங்கும். அந்த வீக்கமே எலும்பின் நுனியை வெளியே தள்ளுகிறது. நாம் உயரம் என்று அளப்பதில் பெரும்பகுதி இப்படி வீங்கிய கலங்கள் விட்டுச் சென்ற இடம்தான். அவற்றுள் பல பின்னர் இறக்க, மிஞ்சிய கசியிழையத்தின் மீது எலும்பு படிகிறது.

உணவு போதாத உடலில் இத்தட்டுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் என்னை எப்போதும் வியக்க வைப்பது. அத்தகைய பிள்ளையின் குருதியில் வளர்ச்சி ஓமோன் குறைவாக இருக்கும் என்று நினைப்போம்; உண்மையில் அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஆனால் ஈரல் அந்த ஓமோனின் கட்டளைக்குச் செவிசாய்க்க மறுத்து, கலங்களைப் பிரியச் செய்யும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. வளர்ச்சி ஓமோனோ, சேமித்த கொழுப்பைக் கரைத்து அன்றாடச் செலவுக்குக் கொடுக்கும் வேலையைத் தொடர்கிறது. உயிரைக் காப்பது முதலில், உயரம் பிறகு என்று உடல் முடிவெடுத்துவிடுகிறது. அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் இதே திசையில் தள்ளுகின்றன, ஏனென்றால் அழற்சியின்போது உருவாகும் சில புரதங்கள் வளர்ச்சித் தட்டின் கலங்களையே நேரடியாக அடக்குகின்றன.

அப்படி நின்றுபோன வளர்ச்சி முழுவதும் வீணாவதில்லை. ஓய்வுநிலைக் கலங்கள் இத்தனை முறைதான் பிரியலாம் என்றொரு வரம்பு இருப்பதாகத் தெரிகிறது. வளர்ச்சி தடைப்பட்ட காலத்தில் அந்த வாய்ப்புகள் செலவாகாமல் கிடக்கும். 1990களில் முயல்களில் நடந்த ஒரு சோதனையில், வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தொன்றை ஒரேயொரு வளர்ச்சித் தட்டுக்குள் மட்டும் செலுத்தினார்கள். மருந்து நின்றதும் அந்தத் தட்டு வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது, மற்றவை தம் போக்கில் இருந்தன. விட்ட வளர்ச்சியைப் பிடிக்கும் கணக்கை மூளையோ சுரப்பியோ மட்டும் வைத்திருக்கவில்லை, தட்டும் தன்னளவில் வைத்திருக்கிறது! ஆகையால் சில மாதக் குறைபாட்டை நல்ல உணவு ஈடுசெய்துவிடும். தாயின் வயிற்றில் தொடங்கி இரண்டாம் பிறந்தநாள் தாண்டியும் நீளும் குறைபாட்டை முழுமையாக ஈடுசெய்வது அரிது, ஏனென்றால் பூப்புப் பருவம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆண், பெண் இருபாலாரிலும் தட்டை எலும்பாக்கி மூடி வளர்ச்சியை நிறுத்துவது, அப்பருவத்தில் கூடும் ஈஸ்திரசன் ஓமோன். அந்த ஓமோனை உணர முடியாத மரபணு மாற்றத்தோடு பிறந்த ஓர் ஆண் 28 வயதிலும் 204 சென்டிமீற்றர் உயரத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்ததை 1994இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தட்டு மூடிய ஒருவருக்கு உயரம் கூட்டும் மாவு என்று டப்பாவில் விற்கும் எதுவும் பயன்படாது. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளராது, திரும்பத் தாண்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையாவது காசு கேட்பதில்லை.

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பெருந்தோட்டத் துறையில் அது சுமார் 32 வீதம். காலையில் கோதுமை மா ரொட்டியும் சாயத் தண்ணியும் என்ற உணவு வயிற்றை நிரப்பும், ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சாயமோ உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். பருப்பும் முட்டையும் சேர்ந்தால் லைசின் குறை நீங்கும். லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்குப் பொதுவான ஒற்றைத் தண்ணீர்ப் பீலியும் போதாத மலசலகூடங்களும் நோயைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. 1973 முதல் கொடுக்கப்படும் திரிபோஷ என்ற சத்துமாவை, வீட்டிலுள்ள எல்லாரும் பகிர்ந்து உண்ணும்போது உரிய பிள்ளைக்குக் கிடைப்பது சில கரண்டிதான்.

இந்த இடைவெளியும் பரம்பரையால் வந்ததென்று சொல்வோருக்குக் குவாத்தமாலாவின் மாயா மக்களைக் காட்டலாம். உலகிலேயே மிகக் குட்டையானவர்களுள் அடங்கும் அவர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து ஒரு தலைமுறைக்குள், அங்கு வளர்ந்த பிள்ளைகள் ஊரிலிருந்த அதே வயதினரைவிட 11 சென்டிமீற்றர் உயர்ந்திருந்தார்கள். அதில் பாதிக்கும் மேலானது கால் நீளம். ஆனாலும் ஒரே தலைமுறையில் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. குட்டையாக வளர்ந்த தாயின் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், பாட்டி காலத்துப் பசியும் பேத்தியின் அளவில் ஓரளவு கலந்திருக்கும்.

நமது ஆய்வுப் பணம் செலவாகும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மருத்துவமாது பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் இடும் புள்ளிகள் ஐந்து வயதோடு பெட்டிக்குள் போய்விடுகின்றன. நுவரெலியா மாவட்டத்தில் பிறக்கும் பிள்ளைகளைக் கருவிலிருந்து தட்டு மூடும் பதினாறு, பதினேழு வயது வரை பின்தொடர்ந்து, உயரத்தோடு கால் நீளத்தையும் தனியே அளந்து, இடது மணிக்கட்டின் எக்ஸ்கதிர்ப் படத்தில் எலும்பு வயதையும், அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதையும், பார்க்கும் ஆய்வொன்றுக்குப் பணம் ஒதுக்கினால், எந்த வயதில் கொடுக்கும் ஒரு முட்டை எத்தனை மில்லிமீற்றராகிறது என்பதை மலையகத்துப் பிள்ளைகளின் அளவுகளை வைத்தே சொல்ல முடியும்.