கிரேஸ் பீரியட்: கருணையா, கெடுவா?

"கிரேஸ் பீரியடுக்குள்ள கட்டிட்டா வட்டி கிடையாது." கிரெடிட் கார்டு வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சரிதான், ஆனால் எந்த கிரேஸ் பீரியட்? சிலர் பொருள் வாங்கிய நாளிலிருந்து பில்லின் கடைசித் தேதி வரை உள்ள நாட்களைச் சொல்கிறார்கள், சிலர் கடைசித் தேதி தாண்டி வரும் மூன்று நாட்களைச் சொல்கிறார்கள். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டதில்தான் பலருக்குக் காசு போகிறது.

'கிரேஸ்' லத்தீன் மொழியின் 'கிராட்டியா'வில் இருந்து வந்தது. தயவு, நன்றி இரண்டும் அதற்குப் பொருள். இலவசத்தைக் குறிக்கும் 'கிராட்டிஸ்' அதன் பங்காளி. வணிகத்துக்குள் அது வந்தது உண்டியல் வழியாக, அதாவது குறித்த நாளில் இன்னாருக்குப் பணம் கொடு என்று வணிகர்கள் எழுதும் சீட்டு வழியாக. உண்டியல் முதிர்ந்த நாளில் பணம் வராவிட்டாலும் உடனே சண்டைக்குப் போகாமல் சில நாள் பொறுத்துக்கொள்வார்கள், அதுதான் 'டேஸ் ஆஃப் கிரேஸ்'. முதலில் வழக்கமாக இருந்தது பிறகு சட்டமாகவே ஆனது: நம் ஊரில் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 22-ஆம் பிரிவு, மூன்று நாள். பிரிட்டனில் 1971-இல் சட்டம் போட்டு இதை எடுத்துவிட்டார்கள்.

தமிழில் என்ன சொல்வது? கிரேஸ் மார்க்கைக் 'கருணை மதிப்பெண்' ஆக்கிய நமக்கு இதைக் 'கருணைக் காலம்' என்று சொல்லக் கை துறுதுறுக்கும். எனக்கு அது ஒட்டவில்லை. வங்கி யாருக்கும் கருணை காட்டவில்லை, நாம் கார்டைத் தேய்க்கும்போதே கடைக்காரரிடமிருந்து ஒரு கட்டணம் போய்விடுகிறது. 'அவகாசம்' பரவாயில்லை, ஆனால் வட்டி இல்லை என்பது அதில் இல்லை. (மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை! அந்த நினைப்பில் பில்லைத் தள்ளிப்போட்டால் அவ்வளவுதான்.) 'தவணை'யை இ.எம்.ஐ. எடுத்துக்கொண்டது.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் கைமாற்று. "மச்சான், ஒரு ரெண்டாயிரம் கைமாத்தா குடு, ஒண்ணாந்தேதி தந்துடறேன்." பத்திரம் இல்லை, வட்டி இல்லை, ஆனால் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்குப் பெயர் கெடு. தெலுங்கிலும் இதே பொருளில் 'கடுவு' என்கிறார்கள். கார்டு தருவது அதே கைமாற்றுதான், ஒரு வித்தியாசம், கெடுவுக்குள் முழுசாகக் கொடுக்காவிட்டால் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், வங்கி பொருள் வாங்கிய நாளுக்கே திரும்பிப் போய் அங்கிருந்து வட்டி போடும். ஆகவே என் ஓட்டு 'வட்டியில்லாக் கெடு'வுக்கு. கடைசித் தேதியைக் 'கெடு நாள்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

கெடு எல்லாப் பொருளுக்கும் ஒரே நீளம் இல்லை என்பதையும் பார்த்துவிடுவோம். பில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வருகிறது, கெடு நாள் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 6-இல் மிக்ஸி வாங்கினால் அது ஜூலை 5 பில்லில் ஏறும், ஜூலை 25 வரை 49 நாள் கைமாற்று. அதே மிக்ஸியை ஜூலை 4-இல் வாங்கினால் 21 நாள்தான். விளம்பரத்தில் '50 நாள் வரை' என்று போடுவார்கள், அந்த 'வரை'யில் இருக்கிறது சூட்சுமம்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு 18,640 ரூபாய் பில் வந்தது. ரவுண்டாக இருக்கட்டுமே என்று 18,000 கட்டினேன், மீதி 640 ரூபாய்க்கு என்ன பெரிய வட்டி வந்துவிடும் என்ற தெம்பில். அடுத்த பில்லில் வட்டி மட்டும் எழுநூறு சொச்சம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42, அதை முழுத் தொகைக்கும் வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டிருந்தார்கள். அதைவிட எரிச்சல், பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பாலுக்கும் பெட்ரோலுக்கும்கூடக் கெடு கிடையாது, முதல் நாளே மீட்டர் ஓடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அப்புறம் அந்த மூன்று நாள். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்படி, கெடு நாள் கடந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கிரெடிட் ஸ்கோர் நிறுவனங்களிடம் சொல்லலாம். அபராதத்தைத் தள்ளிப்போடும் இந்த மூன்று நாள் வட்டியில்லாக் கெடுவை நீட்டிக் கொடுப்பதில்லை. 1881-இன் 'கிரேஸ்' நாட்களோடு பொருந்துவது இதுதான், இதை வேண்டுமானால் 'பொறுப்பு நாட்கள்' என்று சொல்லலாம், பொறுத்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில்.

கார்டை ஏ.டி.எம்.மில் போட்டுப் பணம் எடுத்தால் கைமாற்றும் இல்லை, கெடுவும் இல்லை. எடுத்த அன்றிலிருந்தே வட்டிதான்.