செஸ்டெர்ஷியஸ்: வெண்கலமா, பித்தளையா?

ரோமப் பேரரசர் காலத்துச் சில்லறையில் கையில் எடுத்ததுமே கனம் தெரிகிற காசு செஸ்டெர்ஷியஸ். ஏறத்தாழ 25 கிராம் எடை, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம். தமிழில் இதைப் பெரும்பாலும் 'வெண்கலக் காசு' என்றே எழுதுகிறார்கள். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர். லத்தீனில் செமிஸ் என்றால் அரை, டெர்ஷியஸ் என்றால் மூன்றாவது. இரண்டு முழுசு, மூன்றாவதில் பாதி, ஆக இரண்டரை. கி.மு. 211 வாக்கில் இது பிறந்தபோது இரண்டரை 'ஆஸ்' (ரோமரின் அடிப்படைக் காசு) மதிப்புள்ள பொடி வெள்ளிக் காசு. அப்புறம் மதிப்பு நான்கு ஆஸ் ஆனது, பெயர் மட்டும் இரண்டரையிலேயே நின்றுவிட்டது. அணா ஒழிந்த பிறகும் ஐம்பது காசை நாம் எட்டணா என்றே சொல்லி வந்தோமே, அது மாதிரி. அதனால் 'இரண்டரைக் காசு' என்று பெயர்த்தால் சொல்லுக்குப் பொருந்தும், காசுக்குப் பொருந்தாது.

கி.மு. 23 வாக்கில் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் இதைப் பெரிய மஞ்சள் காசாக மாற்றினார். அந்த உலோகத்துக்குப் பெயர் ஒரிகால்கம். கிரேக்க மூலத்தில் 'மலைச் செம்பு'. செம்போடு துத்தநாகம் சேர்ந்தது, அதாவது பித்தளை. வெண்கலம் செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது. வெண்கலப் பானையையும் பித்தளைக் குடத்தையும் தட்டிப் பார்த்தே பிரித்துச் சொல்கிறவர்கள் நாம். இங்கே மட்டும் ஏன் குழப்ப வேண்டும்? புதுக்காசு பொன்னாய் மின்னியிருக்கும். இன்று தெரியும் பச்சையும் கறுப்பும் களிம்பு. துத்தநாகம் குறைந்துபோன 3ஆம் நூற்றாண்டுக் காசுகளுக்கு வேண்டுமானால் வெண்கலம் ஓரளவு பொருந்தும். மற்றபடி, பெயரை ஒலிபெயர்த்து, 'ரோமப் பித்தளைக் காசு' என்று பக்கத்தில் எழுதுவதே சரி.

அகலமான காசு என்பதால் படத்துக்கு நிறைய இடம். யூதரின் எருசலேம் ரோமப் படையிடம் விழுந்த மறு ஆண்டு, கி.பி. 71இல், பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்டதைப் பாருங்கள். ஒரு பக்கம் இலைமாலை சூடிய அவர் தலை. மறுபக்கம் நடுவே பேரீச்சை மரம், அதனடியில் தலையைக் கையில் தாங்கி அழும் பெண், சுற்றிலும் 'யூதேயா பிடிபட்டது' என்ற எழுத்து. ரொட்டி வாங்கப் போனவன் கையிலும் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

காசின் முகத்தை நான் 'தலைப்பக்கம்' என்றே எழுதுவேன். நாம் பூவா தலையா போடுகிறோம். ரோமப் பிள்ளைகள் 'தலையா கப்பலா' என்றார்கள்; பழைய ஆஸ் காசில் ஜேனஸ் என்ற ரோமத் தெய்வத்தின் தலைக்கு மறுபக்கம் இருந்தது கப்பலின் முகப்பு.