வேற்றுக்கிரகவாசி என்ற சொல்லில் என்ன சிக்கல்?

சனிக் கோளைச் சுற்றும் என்செலடஸ் என்ற சிறிய நிலாவிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு அடிப்பதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கிறது. அதில் உயிர் இருக்குமா என்று கேட்கும் ஆய்வாளர்கள் மனதில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். ஆனால் இதைத் தமிழில் செய்தியாக்கும்போது நம் கை தானாக எழுதுவது "வேற்றுக்கிரகவாசி". என்செலடஸ் கிரகமும் இல்லை, நுண்ணுயிரை வாசி என்று யாரும் சொல்வதும் இல்லை.

ஆங்கிலத்தின் 'ஏலியன்' என்ற சொல்லுக்கு நாம் வைத்த தமிழ்தான் வேற்றுக்கிரகவாசி. எனவே முதலில் ஏலியன். லத்தீனில் 'ஆலியுஸ்' என்றால் 'வேறு'. அதிலிருந்து 'ஆலியேனுஸ்', அதாவது 'வேறொருவருக்கு உரியது'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொல், அங்கே நெடுங்காலம் வேற்று நாட்டு மனிதரையே குறித்தது. சட்ட நூல்களில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. விண்ணிலிருந்து வருபவர் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் அறிவியல் கதைகளால் ஊன்றியது. ஆக, ஏலியன் என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் 'ஆள்' உட்கார்ந்திருக்கிறார். நாம் அதைத் தமிழாக்கியபோது அந்த ஆளையும் சேர்த்தே கூட்டிவந்துவிட்டோம்.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று தோன்றலாம். செவ்வாயின் கதையைப் பாருங்கள். 1877இல் இத்தாலிய வானியலர் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் மேல் கோடுகளைக் கண்டு 'கனாலி' என்று குறித்தார். இத்தாலியனில் அது தானாக ஓடும் நீர்த்தடத்துக்கும் பொருந்தும், வெட்டிய கால்வாய்க்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அது கால்வாய் என்ற பொருளிலேயே பரவியது. கால்வாய் என்றால் வெட்டினவர் வேண்டுமே! அமெரிக்கரான பெர்சிவல் லோவல் 1894இல் அரிசோனாவில் ஓர் ஆய்வகமே கட்டி, அறிவுள்ள செவ்வாய் மக்கள் வறண்ட நிலத்துக்கு நீர் கொண்டுபோக வெட்டியவை இவை என்று ஆண்டுக்கணக்காக வாதிட்டார். 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் கால்வாய் ஒன்றுகூட இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஒரு சொல் எவ்வளவு துணைபோயிருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சரி, நம் சொல்லைப் பிரிப்போம்: வேறு, கிரகம், வாசி. கிரகமும் வாசியும் வடமொழி. 'பற்றுதல்' என்ற வேரிலிருந்து வந்தது கிரகம். கிரகணமும் அதன் உறவு. தமிழில் கோள். இதுவும் 'கொள்' என்பதிலிருந்து வந்ததுதான், படு பாடு ஆனதுபோல. சங்க காலத்திலேயே விண்மீனை நாள்மீன், கோளைக் கோள்மீன் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பட்டினப்பாலையில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எனவே 'வேற்றுக்கோள்வாசி' என்று மாற்றலாம், சிலர் மாற்றியும் எழுதுகிறார்கள். ஆனால் அதனால் பிழை தீரவில்லை. உயிரைத் தேடும் இடங்களில் முன்வரிசையில் நிற்பவை நிலாக்கள்: சனியின் என்செலடஸ், வியாழனின் யூரோப்பா. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம், அங்கே உயிருக்கு ஏற்ற சூழல் உண்டா என்று பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

'அயல்' என்ற சொல்லை வைத்து 'அயற்கோள் உயிர்' என்றும் சொல்லலாம். அழகான சொல்தான். ஆனால் அயலுக்கு இரண்டு முகம். அயல்நாடு என்றால் தொலைவு. அயல்வீடு என்றால் அடுத்த வீடு. இலங்கைத் தமிழில் அயலவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு அந்த நெருக்கம் பிடிக்கும், ஆனாலும் கலைச்சொல்லுக்கு அது உதவாது.

நான் பரிந்துரைப்பது 'வேற்றுலக உயிர்'. உலகம் என்ற சொல்லில் கோளும் அடங்கும், நிலாவும் அடங்கும். மேலுலகம், கீழுலகம் என்ற புராண நினைவு வருமே என்று ஒரு தடை சொல்லலாம். பக்கத்தில் 'உயிர்' நிற்பதால் அந்தக் குழப்பம் நிலைக்காது.

இந்த 'உயிர்' நமக்குக் கிடைத்த பெரிய கொடை. "புல்லும் மரனும் ஓரறிவினவே" என்று தொடங்கி ஆறறிவு மனிதர்வரை ஒரே வரிசையில் வைக்கிறது தொல்காப்பியம். புல்லும் உயிர், நாமும் உயிர். நுண்ணுயிரைச் சேர்க்க அங்கே இடம் இருக்கிறது. அப்புறம், உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல், உயிர்ப்பு என்றால் மூச்சு. தொலைதூரக் கோள்களில் இன்று தேடுவதும் ஒருவகையில் அதைத்தான்: உயிர்கள் வெளிவிட்டிருக்கக்கூடிய வாயுக்களை. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளின் காற்றில், பூமியில் பெரும்பாலும் கடல் நுண்பாசிகளிடமிருந்து வரும் டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவின் தடயம் தெரிவதாக 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. அந்தச் சான்று போதாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இந்தச் செய்தியில் வேற்றுக்கிரகவாசிக்கு இடமே இல்லை. 'வேற்றுலக உயிரின் தடயமா?' என்று எழுதினால் பொருள் சரியாக உட்காரும்.

கதையிலும் சினிமாவிலும் ஏலியன் அப்படியே இருக்கட்டும். அறிவுள்ள, நம்மோடு பேசக்கூடிய ஒரு கூட்டத்தைத்தான் சொல்கிறோம் என்றால் 'வேற்றுலகத்தார்' இருக்கிறது.